புள்ளி எண்ணத் தெரிந்தவருக்கு வேலை உண்டு

எருக்கஞ்செடியைச் சுற்றி ஆரஞ்சு நிறத்தில் ஒரு வண்ணத்துப்பூச்சி பறக்கிறது. முன் இறக்கையின் நுனி கறுப்பு. அந்தக் கறுப்பின் குறுக்கே ஒரு வெள்ளைப் பட்டை. ‘ப்ளைன் டைகர்’ என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டு அடுத்த அடி எடுத்து வைக்கிறீர்கள். பெரும்பாலும் அது சரியாகத்தான் இருக்கும். ஆனால் கணக்கெடுப்பு வேலைக்குப் ‘பெரும்பாலும்’ போதாது. அதே ஆரஞ்சு, அதே கறுப்பு நுனி, அதே வெள்ளைப் பட்டையோடு டனைட் எக்ஃப்ளை என்கிற வேறோர் இனத்தின் பெண்ணும் அதே வெயிலில் பறக்கும். இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தவரைத்தான் இந்தத் துறை தேடுகிறது.

இறக்கைக் குறிகளை வைத்து இனத்தை அடையாளம் காண்பது பயிற்சியால் வரும் தொழில்திறன். பிறவிக் கண்ணோ அபார நினைவாற்றலோ தேவையில்லை. ஓர் ஒழுங்கோடு பார்க்கப் பழகினால் ஒரு வருடத்தில் நம்பகமான பதிவாளராக ஆகிவிடலாம். அந்த ஒழுங்கைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்லப்போகிறேன்.

யாருக்குத் தேவைப்படுகிறது இந்தத் திறன்?

பெரிய தொழிற்சாலை, சுரங்கம், அணை போன்றவற்றுக்கு அனுமதி கேட்கும்போது, 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி ஆய்வறிக்கை தர வேண்டும். அந்த இடத்தில் வாழும் உயிரினங்களின் பட்டியல் அதில் ஒரு முக்கியப் பகுதி. இந்த அறிக்கைகளைத் தயாரிக்கும் ஆலோசனை நிறுவனங்களுக்குக் களத்தில் இறங்கிப் பட்டியல் எடுக்கும் ஆட்கள் வேண்டும். உயிர்ப்பன்மைச் சட்டம் (2002) வந்த பிறகு உள்ளாட்சி அளவில் மக்கள் உயிர்ப்பன்மைப் பதிவேடுகள் தயாராகின்றன. அங்கும் இதே தேவை. வனத்துறைக் கணக்கெடுப்புகள், பல்கலைக்கழக ஆய்வுத் திட்டங்கள், வண்ணத்துப்பூச்சிப் பூங்காக்கள், பள்ளிகளுக்கான இயற்கைக் கல்வி, காட்டோர விடுதிகளின் இயற்கை வழிகாட்டிப் பணி ஆகியவை மற்ற வாசல்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வண்ணத்துப்பூச்சியை மட்டும் பார்க்க ஒருவரைச் சம்பளத்துக்கு வைப்பது அபூர்வம். பறவை, தும்பி, தாவரம் இவற்றில் இன்னும் ஒன்றிரண்டும் தெரிந்தவருக்கே தொடர்ந்து அழைப்பு வரும். வண்ணத்துப்பூச்சி அதில் நல்ல தொடக்கப் புள்ளி. பகலில் பறக்கும், வீட்டு வாசலிலேயே கிடைக்கும், பைனாகுலர்கூட இல்லாமல் தொடங்கலாம்.

முதலில் இறக்கையின் வரைபடம்

ஊர் தெரியாமல் வழி சொல்ல முடியாது. இறக்கையின் பகுதிகளுக்குப் பெயர் தெரியாமல் குறியின் இடத்தைச் சொல்ல முடியாது. இவற்றை முதலில் மனப்பாடம் செய்யுங்கள்.

• முன் இறக்கை இரண்டு, பின் இறக்கை இரண்டு. ஒவ்வொன்றுக்கும் மேற்புறம், அடிப்புறம் உண்டு. இறக்கையை விரித்து உட்கார்ந்தால் தெரிவது மேற்புறம். மூடி உட்கார்ந்தால் தெரிவது அடிப்புறம்.

• உடலோடு ஒட்டிய பகுதி அடிப்பகுதி. உடலிலிருந்து தொலைவில், முன்னோக்கி இருக்கும் முனை நுனி.

• தலைப்பக்கத்து ஓரம் முன் விளிம்பு. உடலுக்கு எதிர்ப்பக்கத்து ஓரம் வெளி விளிம்பு.

• அடிப்பகுதியிலிருந்து இறக்கையின் நடுவரை, நரம்புகளால் சூழப்பட்ட நீள்வட்டப் பரப்பு ஒன்று உண்டு. களத்தில் எல்லோரும் அதைச் ‘செல்’ என்றே சொல்வார்கள். பாதிக் குழப்பங்களைத் தீர்த்துவைப்பது இந்தச் செல்தான்.

ஒரு வெள்ளைத் தாளில் இறக்கைகளின் உருவத்தை வரைந்து, நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பார்த்த குறிகளை அதில் குறித்துப் பழகுங்கள். நீங்கள் எவ்வளவு மோசமாக வரைந்தாலும் பரவாயில்லை. குறியின் இடம் சரியாக இருந்தால் போதும்.

பார்க்க வேண்டிய வரிசை

புதியவர்கள் எல்லோரும் நிறத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். நிறம்தான் அதிகம் ஏமாற்றும். வெயில் மாறினால் மாறும், செதில் உதிர்ந்தால் வெளுக்கும், கேமராவில் வேறாகத் தெரியும். இறக்கையின் வண்ணமெல்லாம் ஓடு வேய்ந்ததுபோல் அடுக்கிய நுண்செதில்களில்தான் இருக்கிறது. வயதாக ஆக அவை உதிரும். ஆகவே நிறத்தைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, இந்த வரிசையில் பாருங்கள்.

ஒன்று, குடும்பம். இந்திய வண்ணத்துப்பூச்சிகள் ஆறு குடும்பங்களில் அடங்கும்: அழகிகள், வெள்ளை மஞ்சள்கள், வரியன்கள் அடங்கிய தூரிகைக்காலிகள், நீலன்கள், ஜூடிகள், ஸ்கிப்பர்கள். தூரிகைக்காலிகளுக்கு முன்னங்கால்கள் குறுகிப்போனதால் நான்கு காலில் நிற்பதுபோல் தோன்றும். ஸ்கிப்பர்களின் உணர்கொம்பு நுனி கொக்கிபோல் வளைந்திருக்கும். பின் இறக்கையில் வால் இல்லையென்றால் அழகிக் குடும்பம் அல்ல என்று முடிவுகட்ட வேண்டாம். அந்தக் குடும்பத்திலேயே எலுமிச்சையில் வளரும் லைம் பட்டர்ஃபிளைக்கு வால் கிடையாது. தென்னிந்தியாவின் மிகப் பெரிய வண்ணத்துப்பூச்சியான சதர்ன் பேர்ட்விங்குக்கும் கிடையாது.

இரண்டு, எந்தப் புறம். பார்ப்பது மேற்புறமா அடிப்புறமா என்று உறுதி செய்யுங்கள். ஒரே பூச்சியின் இரண்டு புறமும் இரண்டு வேறு இனம்போல் இருக்கும்.

மூன்று, விளிம்பின் வடிவம். நேராக இருக்கிறதா, அலையலையாக இருக்கிறதா, கோணலாக வெட்டியதுபோல் இருக்கிறதா?

நான்கு, குறியின் இடம். புள்ளியோ பட்டையோ செல்லுக்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா, விளிம்பை ஒட்டி ஓடுகிறதா?

ஐந்து, எண்ணிக்கை. எண்ணுங்கள். வாய்விட்டே எண்ணுங்கள்.

நிறம் இதற்கெல்லாம் பிறகு.

அருகில் போய்ப் பார்ப்போம்: ஆரஞ்சு இரட்டையர்

எருக்கஞ்செடிக்குத் திரும்புவோம். ப்ளைன் டைகர் (தமிழில் வெந்தய வரியன்) எருக்கு இலையைத் தின்று வளர்கிறது. அதன் நச்சு உடலில் சேர்வதால் பறவைகள் இதைச் சீண்டுவதில்லை. நச்சில்லாத டனைட் எக்ஃப்ளையின் பெண் அதே உடையைப் போட்டுக்கொண்டு தப்பிக்கிறது. ஆண் டனைட் எக்ஃப்ளையோ முற்றிலும் வேறு: கறுப்பு இறக்கையில் ஊதா ஓரமிட்ட பெரிய வெள்ளை வட்டங்கள்.

இப்போது பின் இறக்கைக்குப் போங்கள். நடுப்பகுதியில் கறுப்புப் புள்ளிகள் தெரிகின்றனவா? மூன்று இருந்தால் பெண் ப்ளைன் டைகர். நான்கு இருந்தால் ஆண். நான்காவது புள்ளி அதன் வாசனைப் பை. முன் விளிம்பை ஒட்டி ஒரே ஒரு புள்ளிதான் என்றால் அது டனைட் எக்ஃப்ளை. வெளி விளிம்பையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ப்ளைன் டைகருக்கு அது வழவழப்பாக ஓடும். எக்ஃப்ளைக்கு லேசாக அலையடிக்கும். பத்து விநாடி வேலைதான். அந்தப் பத்து விநாடியில் இனமும் பாலும் இரண்டும் தெரிந்துவிடுகின்றன.

இறக்கை பொய் சொன்னால் உடலைப் பாருங்கள்

காமன் மார்மன் நம் வீட்டுக் கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் வளர்கிற கறுப்பு அழகி. இதன் பெண் மூன்று வேடங்களில் வரும். ஒன்று ஆணைப் போலவே, பின் இறக்கையின் குறுக்கே வெள்ளைப் புள்ளி வரிசையோடு. இரண்டாவது காமன் ரோஸைப் போல, பின் இறக்கை நடுவில் வெள்ளைத் திட்டோடு. மூன்றாவது க்ரிம்சன் ரோஸைப் போல, முன் இறக்கையில் வெள்ளைப் பட்டைகளோடும் பின் இறக்கையில் செம்புள்ளிகளோடும்.

ரோஸ்கள் இரண்டும் ஆடுதீண்டாப்பாளை வகைக் கொடிகளில் வளர்ந்து நச்சு சேர்த்தவை. மார்மன் நச்சற்றது, நகலெடுத்துப் பிழைக்கிறது. இந்த வேடமாற்றத்தை ‘டபிள்செக்ஸ்’ என்ற ஒரே மரபணு இயக்குகிறது என்று கிருஷ்ணமேக் குண்டேயும் உடன் ஆய்வாளர்களும் 2014இல் கண்டறிந்தார்கள்.

களத்தில் பிரிக்கும் வழி எளிது: உடல். ரோஸ்களுக்குத் தலையிலும் வயிற்றின் பக்கவாட்டிலும் அடர் சிவப்பு இருக்கும். மார்மன் எந்த வேடத்தில் வந்தாலும் உடல் கறுப்புதான். இறக்கைக் குறியில் தேர்ச்சி பெற்றவர்கள்கூட அங்கேயே நின்றுவிட்டால் தவறு செய்யும் இடம் இது. இறக்கையைப் படித்து முடித்ததும் உடலுக்கு ஒரு பார்வை என்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

எண்ணினால்தான் பெயர்

புல்தரையை ஒட்டித் தாழப் பறக்கும் மஞ்சள் பூச்சிகளை எல்லோரும் பார்த்திருப்போம். கிராஸ் எல்லோ எனப்படும் இவற்றில் பல இனங்கள் உண்டு. மேலோட்டமாக எல்லாம் ஒரே மஞ்சள். உட்காரும்போது இறக்கையை மூடிக்கொள்ளும் என்பதால் அடிப்புறம்தான் கிடைக்கும். முன் இறக்கையின் அடிப்புறத்தில் செல்லைத் தேடுங்கள். செல்லுக்குள் இரண்டு குறிகள் இருந்தால் காமன் கிராஸ் எல்லோ. மூன்று இருந்தால் த்ரீ ஸ்பாட். ஒன்று மட்டும் என்றால் ஒன் ஸ்பாட். சில நேரம் முன் இறக்கை பின் இறக்கைக்குள் இறங்கிச் செல் மறைந்துவிடும். அப்போது காத்திருங்கள், பூ மாறும்போது இறக்கை சற்று மேலேறும்.

சுண்டுவிரல் நகத்தளவே உள்ள கிராஸ் ப்ளூக்களிலும் இதே பாடம். முன் இறக்கை அடிப்புறத்தில் செல்லுக்குள் ஒரு புள்ளி இருந்தால் பேல் கிராஸ் ப்ளூ அல்லது டார்க் கிராஸ் ப்ளூ. இல்லையென்றால் லெஸ்ஸர் கிராஸ் ப்ளூ அல்லது டைனி கிராஸ் ப்ளூ. ஒரே ஒரு புள்ளி இருக்கிறதா இல்லையா என்பதில் நான்கு இனங்கள் இரண்டிரண்டாகப் பிரிந்துவிடுகின்றன.

பருவமழையை ஒட்டி மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் சமவெளிக்கும் இடையே கூட்டமாக வலசை போகும் பழுப்புக் கறுப்பு க்ரோக்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஆணின் முன் இறக்கை மேற்புறத்தில் தேய்த்ததுபோன்ற கீற்று ஒன்று இருந்தால் காமன் க்ரோ. இணையாக இரண்டு இருந்தால் டபிள் பிராண்டட் க்ரோ. அதே கூட்டத்தில் வரும் ப்ளூ டைகரையும் டார்க் ப்ளூ டைகரையும் நீலக்கோடுகளின் அகலம் பிரிக்கும். முன்னதில் கோடு அகலம். பின்னதில் கோடு மெலிந்து கறுப்பு மிகும்.

நான்கு பொறிகள்

பருவம். காமன் ஈவனிங் ப்ரௌன் மழைக்காலத்தில் அடிப்புறம் நிறையக் கண்புள்ளிகளோடு வரும். வறட்சிக் காலத்தில் அதே இனம் கண்புள்ளி மங்கி, காய்ந்த சருகாக மாறிவிடும். பீகாக் பான்ஸிக்கும் கோடையில் விளிம்பு கோணலாகி அடிப்புறம் இலைபோல் ஆகும். குறிப்பேட்டில் தேதி எழுதாத பதிவு அரைப் பதிவு.

பால். ஆணும் பெண்ணும் வேறுவேறாக இருக்கும் இனங்கள் ஏராளம். ஒவ்வோர் இனத்தையும் இரண்டு படமாகவே படியுங்கள்.

தேய்மானம். பல்லி கடித்து, முள்ளில் கிழிந்து வால் போன பூச்சியை ‘வாலில்லாத இனம்’ என்று எழுதிவிடக் கூடாது. கிழிசல் பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒரேமாதிரி இருக்காது. இயல்பான வடிவம் இரண்டு பக்கமும் ஒத்திருக்கும்.

ஆசை. அபூர்வமான ஒன்றைக் கண்டுவிட வேண்டும் என்ற துடிப்பு கண்ணை மறைக்கும். அந்த இனம் அந்த ஊரில், அந்த உயரத்தில், அந்த மாதத்தில் இருக்குமா என்று கேட்டுப் பாருங்கள். பெயின்டட் சாடூத் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் வாழ்வது. சமவெளி நகரத்து முருங்கை மரத்தில் அதைப் பார்த்ததாகத் தோன்றினால், நம் ஊரெங்கும் இருக்கும் காமன் ஜெஸபெல்லாக இருக்க வாய்ப்பு மிக அதிகம்.

பதிவு எழுதும் முறை

இந்த வேலையில் உங்கள் பெயரைக் காப்பாற்றுவது குறிப்பேடு. பக்கத்தின் தலையில் தேதியைப் போட்டுவிடுங்கள். பெயரை மட்டும் எழுதாதீர்கள்; பெயருக்கு உங்களைக் கொண்டுபோன குறியையும் எழுதுங்கள். இப்படி:

காலை 9.40. நல்ல வெயில். குளக்கரை, எருக்கஞ்செடி. முன் இறக்கை நுனி கறுப்பு, வெள்ளைப் பட்டை. பின் இறக்கை மேற்புறம், நடுவில் புள்ளி 4. ப்ளைன் டைகர், ஆண், 1. படம் 3.

செல் தெரியவில்லை என்றால் இப்படி:

கிராஸ் எல்லோ, இனம் உறுதியில்லை. செல் மறைந்திருந்தது. 2.

இரண்டாவது பதிவைப் பார்த்துச் சிலர் கூச்சப்படுவார்கள். கூச்சப்படத் தேவையே இல்லை. பேரினத்தோடு நின்ற உண்மையான பதிவை நாளைக்கு யாரும் பயன்படுத்தலாம். ஊகித்து எழுதிய இனப்பெயர் அறிக்கையில் ஏறி, அடுத்த அறிக்கைக்கு நகலாகி, பிறகு யாராலும் திருத்த முடியாததாகிவிடும். ஒரு நிலத்தில் என்ன காக்க வேண்டும் என்ற முடிவு அந்தப் பட்டியலை வைத்துத்தான் எடுக்கப்படுகிறது. ஸ்கிப்பர்களில் சிலவற்றை இறக்கைக் குறியால் பிரிக்கவே முடியாது. நுண்ணோக்கியில் உடலுறுப்பைப் பார்த்தால்தான் உண்டு. ‘உறுதியில்லை’ என்று எழுதத் தெரிந்தவரை மூத்த ஆய்வாளர்கள் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

களத்தில் ஒரு நாள்

வெயில் ஏறி இறக்கை சூடான பிறகுதான் பூச்சிகள் சுறுசுறுப்பாகும். காலை ஒன்பதிலிருந்து நண்பகல்வரை நல்ல நேரம். கணக்கெடுப்பில் பெரிதும் புழங்குவது பொல்லார்டு நடை. எர்னஸ்ட் பொல்லார்டு உருவாக்கிய இந்த முறையில்தான் பிரிட்டனின் வண்ணத்துப்பூச்சிக் கண்காணிப்புத் திட்டம் 1976இல் தொடங்கியது. குறித்த பாதையில் ஒரே சீரான வேகத்தில் நடந்து, ஐந்து மீட்டர் அகலத்துக்குள் வருவதை மட்டும் எண்ண வேண்டும். ஆறாவது மீட்டரில் எவ்வளவு அழகானது பறந்தாலும் கணக்கில் சேராது. இந்தக் கட்டுப்பாடு இருந்தால்தான் இந்த ஆண்டின் எண்ணிக்கையை அடுத்த ஆண்டோடு ஒப்பிட முடியும்.

படம் எடுக்கும்போது முதல் படம் தொலைவிலிருந்தே எடுங்கள். பறந்துவிட்டாலும் சான்று மிஞ்சும். பிறகு நெருங்கி அடிப்புறம் ஒன்று, மேற்புறம் ஒன்று. உங்கள் நிழல் பூச்சிமேல் விழாமல் பாருங்கள். ஈரமணலில் உப்புச்சத்து உறிஞ்சக் கூடியிருக்கும் ஆண் பூச்சிகள் எளிதில் நகராது; ஒரே இடத்தில் பல இனங்களை ஒப்பிட அதைவிட நல்ல வகுப்பறை இல்லை.

வலை வீச வேண்டாம். பல வண்ணத்துப்பூச்சிகள் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்ட அட்டவணைகளில் உள்ளன. அனுமதியில்லாமல் பிடிப்பது குற்றம். காப்புக்காட்டுக்குள் நுழையவும் வனத்துறையின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். அனுமதிக் கடிதத்தின் நகல் உங்கள் பையில் எப்போதும் இருக்கட்டும்.

எங்கே படிப்பது, எப்படிச் சேர்வது?

விலங்கியல், தாவரவியல், வேளாண்மை, வனவியல் என எந்த உயிரியல் பட்டமும் உதவும். வனவிலங்கு உயிரியலில் முதுகலை படிக்க மயிலாடுதுறை அருகே மன்னம்பந்தலில் உள்ள ஏ.வி.சி. கல்லூரியும் உதகமண்டலம் அரசு கலைக் கல்லூரியும் உண்டு. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பூச்சி அருங்காட்சியகத்தையும் திருவரங்கம் அருகே மேலணைக் காப்புக்காட்டில் உள்ள வண்ணத்துப்பூச்சிப் பூங்காவையும் ஒருமுறையாவது போய்ப் பாருங்கள். பட்டம் இல்லாதவர்களும் களஉதவியாளராகச் சேர முடியும். காட்டோர ஊர்களில் வளர்ந்து செடிகொடிகளின் பெயர் தெரிந்தவர்களுக்கு இதில் பாதி வழி ஏற்கெனவே கடந்தாயிற்று.

நூல்களில் ஐசக் கெஹிம்கரின் இந்திய வண்ணத்துப்பூச்சி நூலும் (2008) குண்டேயின் தீபகற்ப இந்திய வண்ணத்துப்பூச்சி நூலும் (2000) கையில் இருக்க வேண்டும். ஐநேச்சுரலிஸ்ட் செயலி படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும். அதை ஒரு யோசனையாக மட்டும் எடுத்துக்கொண்டு, எந்தக் குறியால் அந்தப் பெயர் என்று நீங்களே சரிபாருங்கள். அதே செயலியில் தேதி, இடம், படத்தோடு நீங்கள் ஏற்றும் பதிவுகள்தான் உங்கள் தகுதிச் சான்று. நேர்காணலில் இருநூறு சரியான பதிவுகளைத் திறந்து காட்டுபவருக்கு அதிகம் பேசவேண்டியிருக்காது.

முதல் மூன்று மாதங்கள்

முதல் மாதம், தெருவை விட்டு வெளியே போகாதீர்கள். கறிவேப்பிலை, எலுமிச்சை, எருக்கு, அரளி, ஆமணக்கு, கொன்றை. இந்த ஆறு செடிகளை நாள்தோறும் கால்மணி நேரம் பாருங்கள். பத்து இனங்களின் குறிகளை, படம் பார்க்காமல் வரையும் அளவுக்குப் படியுங்கள். இரண்டாம் மாதம், இந்தக் கட்டுரையில் உள்ள இரட்டையர்களைத் தேடிப் பிரித்துப் பழகுங்கள். மூன்றாம் மாதம், அருகிலுள்ள குளக்கரையிலோ தோப்பிலோ ஒரு பாதையைக் குறித்துக்கொண்டு வாரம் ஒருமுறை பொல்லார்டு நடை நடங்கள். உள்ளூர் இயற்கை ஆர்வலர் குழுவோடு ஒரு கணக்கெடுப்புக்காவது போய்விட்டு வாருங்கள். மூத்தவர் ஒருவர் பக்கத்தில் நின்று ‘எத்தனை புள்ளி எண்ணினீங்க தம்பி?’ என்று கேட்பதற்கு ஈடான பயிற்சி வேறில்லை.

தமிழ்நாட்டில் முந்நூறுக்கும் மேற்பட்ட வண்ணத்துப்பூச்சி இனங்கள் பதிவாகியுள்ளன. 2019இல் தமிழ் மறவன் நம் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பட்டது. ஆனால் பெரும்பாலான ஊர்களில், அந்த ஊரில் என்னென்ன பறக்கிறது என்ற எளிய பட்டியலை எழுதி வைக்க ஆளில்லை. குளம் தூர்ந்த பிறகு, தோப்பு மனையான பிறகு, அங்கே முன்பு என்ன இருந்தது என்று யாரும் சொல்ல முடியாது. உங்கள் ஊர்ப் பட்டியலை நீங்கள் தொடங்குங்கள். நாளைக் காலை ஒன்பது மணிக்கு, ஒரு குறிப்பேடும் பேனாவும் எடுத்துக்கொண்டு வீட்டுக் கறிவேப்பிலை மரத்தடிக்குப் போங்கள். பார்த்ததை மட்டும் எழுதுங்கள்.